பண்ணைக்கு வந்த முடிச்சுக் கயிறு

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் வாய் எழும்பாது. என்னைத்தான் பண்ணையார் வயல் மேற்பார்வைக்கு வைத்திருந்தார்.

கார் போகத்து நெல் நடவு நடந்துகொண்டிருந்தது. குற்றாலத்துச் சாரல் தென்காசி வரை எட்டி முகத்தில் அடித்த ஒரு காலையில், பண்ணையார் ஒரு நார்க்கயிற்றைக் கொண்டுவந்து கொடுத்தார். சாணுக்கு ஒரு சிவப்புத் துணி முடிச்சு. ஜப்பான் முறை நடவு. கயிற்றை வயலின் குறுக்கே பிடித்து, முடிச்சுக்கு நேரே நாற்றை ஊன்ற வேண்டும். ஒரு வரிசை முடிந்ததும் கயிறு பின்னால் நகரும்.

"இந்த வயல இன்னைக்குக் கயித்துல நட்டு முடிக்கணும். மாட்டோம்னாளுவன்னா, நாளைக்கு வாசுதேவநல்லூர்ல இருந்து வேற ஆளு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடவு நடும் பதினான்கு பெண்களின் அந்தப் பருவத்துப் பிழைப்பு என் கையில் இருந்தது. பயம்தான். ஆனால் பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. முந்தின போகத்தில் சர்க்கார் செய்துகாட்டிய வயலில் அப்படி நட்ட பயிர் கொத்துக் கொத்தாகத் தூர் கட்டி நின்றதைப் பார்த்திருந்தேன். நம் வயலும் அப்படி நிற்காதா என்று மனம் துள்ளியது.

என்ன பேச வேண்டும் என்று வரப்பு நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பெண்கள் நிமிர்ந்து பார்த்ததும் அத்தனையும் மறந்துவிட்டது. கயிற்றைத் தூக்கிக் காட்டி, இனி இப்படித்தான், இல்லாவிட்டால் வெளியூர் ஆள் வரும் என்று முணுமுணுத்தேன்.

நடவுக்குத் தலைவியாக இருந்தவள் இடுப்பில் கை வைத்தாள். "பயிரு என்ன பட்டாளமா அண்ணாச்சி, வரிசையில நிக்க?"

வயலே சிரித்தது. அந்தக் கயிற்றில் எருமையைக் கட்டச் சொன்னாள் ஒருத்தி. பிறகு எல்லோரும் குனிந்து பழையபடியே நடத் தொடங்கினார்கள்.

வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களிடம் ஒரு விளையாட்டு உண்டு. எவளாவது பிந்தினால், சுற்றிலும் நாற்றை நட்டு அவளை நடுவில் சிறை வைத்துவிடுவார்கள். அன்றும் ஒருத்தி மாட்டிக்கொண்டு கத்தினாள். ஆனால் எல்லோரையும்விடப் பிந்துகிறவள் தலைவியின் அக்காள். அவள் விரல்கள் மடங்காது. அவளை ஒருநாளும் யாரும் சிறை வைத்ததில்லை. இரண்டு பக்கத்துப் பெண்களும் பேசாமல் அவள் பங்கிலும் கொஞ்சம் நட்டுக்கொண்டே போவார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கயிற்றில் ஆளுக்கு இத்தனை முடிச்சு என்று பிரிந்துவிடும். ஒரு முடிச்சு காலியாகக் கிடந்தாலும் வரப்பிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியும். பண்ணையார் கண்ணுக்கும் தெரியும். அவர்கள் பயந்தது கயிற்றுக்கு அல்ல, அந்த அக்காளின் கூலி போய்விடுமே என்றுதான்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த அக்காளிடம் போனேன். "அக்கா, கயித்துக்கு ரெண்டு முனை இருக்கு. ஒண்ண நான் பிடிக்கேன், ஒண்ண நீங்க பிடிங்க. தூக்கு, நடுன்னு சத்தம் குடுக்கணும். எனக்கு அது வராது."

தலைவி என்னையே பார்த்தாள். "அவளுக்குக் கூலி?"

"எல்லாருக்கும் உள்ளதுதான்."

அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. ஆனாலும் சொல்லிவிட்டேன். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் திரும்பினாள். "ஏட்டி, முடிச்சுக்கு வாங்கட்டீ."

முதல் பத்து வரிசை கோணலும் மாணலுமாகத்தான் போனது. அதற்குப் பிறகு கைகள் பழகிவிட்டன. அக்காள் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு "தூக்கு" என்பாள், கயிறு எழும்பும். "நடு" என்பாள், பதின்மூன்று முதுகும் ஒன்றாகக் குனியும். அவளுக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நான் கொஞ்சம் தளர்த்தினால், "அண்ணாச்சி, சாப்பிட்டீயளா இல்லையா? இழுத்துப் பிடிங்க" என்பாள். எனக்கு விழுந்த வசவுதான் அன்று அவர்களுக்குப் பாட்டு. ஒவ்வொரு வரிசையும் நேராக விழ விழ, எனக்குக் கூவ வேண்டும்போல இருந்தது.

நாலு வரிசை மிச்சம் இருக்கும்போது பண்ணையார் வந்தார். நட்டதைப் பார்த்தார். வரப்பில் நின்றவளையும் பார்த்து, இவள் ஏன் நடாமல் நிற்கிறாள் என்று என்னிடம் கேட்டார்.

அக்காளே பதில் சொன்னாள். "மொதலாளி, கயித்த மிதிச்சிட்டு நிக்கிய. காலை எடுங்க."

பண்ணையார் குனிந்து பார்த்துக் காலை எடுத்தார்.

"தூக்கு" என்றாள் அவள். கயிறு நகர்ந்தது. கடைசி நாற்று விழும்வரை அவரும் வரப்பிலேயே நின்றார். போகும்போது, மறுநாள் மேலவயலுக்கும் அந்த அக்காளையே கயிறு பிடிக்கச் சொல் என்றார்.