என் தம்பி மாட்டிய ஆயில் கூலர்

எங்கள் பிக்கப் வண்டிக்கு நான்தான் ஓனர், நான்தான் டிரைவர். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். தரையில் ஓடுகிற எதையும் அவர் நம்புவதில்லை. பஸ்ஸில் ஏறினால்கூடக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். அதனால் ஏரி இறாலை ஐஸ் போட்டுச் சென்னையில் இறக்கிவிட்டு வருவது பல வருஷமாக என் வேலை. வண்டிக்கு வயசாகிவிட்டது. ஆரம்பாக்கத்தில் ஹைவே ஏறிக் கொஞ்சம் விரட்டினால் போதும், எஞ்சின் ஆயில் தண்ணியாக இளகி, சூடு காட்டும் முள் சிவப்பை நோக்கி நகரும். ஓரங்கட்டி பானெட்டைத் திறந்துவைத்து, பின்னால் ஐஸ் கரைகிறதே என்று வயிறெரிய நிற்பேன்.

ஆயில் கூலர் போட்டால் சரியாகும் என்றார் சென்னையில் பழைய சாமான் விற்கிற ஒருவர். சின்ன ரேடியேட்டர் மாதிரி இருக்கும். எஞ்சின் ஆயில் ஹோஸ் குழாய் வழியாக அதற்குள் போய், காற்றில் ஆறி, மறுபடி எஞ்சினுக்கு வரும். "முன்னாடி கிரில்லாண்ட மாட்டுமா, காத்து அடிக்கணும்" என்று தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தார். நான் அதைக் கொண்டுவந்து தம்பி கையில் கொடுத்தேன். தப்பு அங்கேதான் ஆரம்பம்.

தம்பி படகு எஞ்சின் மெக்கானிக். அவன் பார்க்கிற எஞ்சின்களில் கடல் தண்ணீர் ஒரு பக்கம் ஏறி, சூட்டை வாங்கிக்கொண்டு, மறுபக்கம் பீய்ச்சி விழும். தண்ணீர் விழுந்தால் எஞ்சின் நன்றாக இருக்கிறது, நின்றால் ஆபத்து. அவன் படித்த படிப்பு அவ்வளவுதான்.

"காத்துல இன்னாக்கா ஆறும்? காத்து படகுப் பாய்க்கு. எஞ்சினுக்குத் தண்ணி" என்றான்.

மீன்பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகும் ஓட்டை வண்டிக்கு அடியில் இருக்கிறது. நீளமாக ஹோஸ் இழுத்து, அந்த ஓட்டைக்கு நேர் கீழே கூலரைத் தொங்கவிட்டான். சும்மா ரோட்டில் ஊற்றுகிற தண்ணீர் இதன்மேல் ஊற்றட்டும் என்பது அவன் கணக்கு. உண்மையைச் சொல்ல வேண்டும்: லோடோடு சென்னை போகும்வரை முள் அசையவே இல்லை. இறாலை இறக்கிவிட்டுக் காலிப் பெட்டியோடு திரும்பும்போது, ஒழுக ஐஸ் தண்ணீர் இல்லாமல், முள் எழுந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்ததும் அவனைப் பிடித்துக் கத்தினேன். அதற்குள் அவன் ஊரெல்லாம் பெருமை பேசிவிட்டு வந்திருந்தான்.

ஊரெல்லாம் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஹைவே ஓரத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் தூரத்து மாமா ஒருவர் எங்களுக்கு உண்டு. ஸ்பேர் பார்ட்ஸ் கல்லாவில் உட்காருகிற அவர் மகளும் என் தம்பியும் இரண்டு வருஷமாக ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். முறைப்பெண்தான், குறை ஒன்றுமில்லை. மாமாவுக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். "போட்டு எஞ்சின் பாக்கறவனுக்கு ரோட்டு வண்டி இன்னா தெரியும்? எனக்கப்புறம் ஷெட்ட எவன் பாக்கறது?" என்பார். அவருடைய ஷெட்டில், நாலு வாடிக்கையாளர்கள் முன்னால், "கிரில்லாண்ட கூலர் மாட்டுறவன்லாம் வேல தெரியாதவன்" என்று என் தம்பி சொல்லியிருக்கிறான். போன மாசம்தான் மாமா ஒரு வண்டிக்குக் கிரில்லில் கூலர் மாட்டிக் கொடுத்திருந்தார்.

மாமா கோபப்படவில்லை. "சரி. நானே அந்த வண்டியில மெட்ராஸ் போய்ட்டு வரேன். முள்ளு செவப்பத் தொடாம வந்துச்சினா பொண்ணு உனுக்கு. தொட்டுச்சினா இந்தப் பேச்ச இதோட வுட்டுடு" என்றாராம்.

கூலரை முன்னால் மாற்றிவிடு என்று நான் சொன்னேன். அந்தப் பெண் போனில் சொன்னாள். "இப்போ மாத்துனா உங்க நைனா இன்னா நெனப்பாரு?" என்று அவளிடமே கேட்டிருக்கிறான். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். தப்பு என்று தெரிந்தபிறகுதான் இன்னும் இறுக்கிப் பிடிப்பான். எனக்கு அறையலாம் போல இருந்தது. ஆனால் அந்தப் பெண் இல்லையென்றால் அவன் வேறு யாரையும் கட்டமாட்டான் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் அவன் போட்ட திருட்டுத் திட்டத்துக்குத் தலையாட்டினேன்.

பந்தய நாளில், போகும்போது ஐஸ் காப்பாற்றியது. திரும்பும்போது உச்சி வெயில். மாமா என் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளையே முறைத்துக்கொண்டு வந்தார். "காலிப் பெட்டி உருளும் மாமா, புடிச்சிக்கிறேன்" என்று தம்பி பின்னால் தார்ப்பாய்க்குள் ஏறிக்கொண்டான். அங்கே இரண்டு கேன் தண்ணீரும் ஒரு சொம்பும் வைத்திருந்தோம். ஓட்டையில் அளவாக ஊற்றிக்கொண்டே வரவேண்டியது அவன் வேலை.

பாதி வழியில் மாமா கண்ணாடியைப் பார்த்தார். "காலி வண்டிதானேமா, ரோடு ஏன் ஈரமா வருது?"

"ஐஸ் மிச்சம் இருக்கும் மாமா" என்றேன்.

எளாவூர் செக்போஸ்ட்டுக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. வண்டி நகரவில்லை. முள் மெல்ல ஏறியது. பின்னால் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று புரிந்து, மனசுக்குள் எல்லா சாமியையும் கூப்பிட்டேன். சிவப்புக்கு ஒரு நூலளவு இருக்கும்போது முள் நின்றது. அப்புறம் இறங்கியது. எப்படி என்று எனக்குப் புரியவில்லை, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

"தொண்ட காயுதுமா. எங்கூட்ல குடுத்த மோர் எங்க?" என்றார் மாமா.

மோர்த் தூக்கு பின்னால் இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் வாய் திறப்பதற்குள் மாமா இறங்கிவிட்டார். வண்டிக்கு அடியிலிருந்து வெள்ளையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. குனிந்து உள்ளே தலையை விட்டார். வெளியே வந்தபோது அவர் விரலில் ஒரு கறிவேப்பிலை இருந்தது.

"முப்பது வருசமா வண்டி பாக்கறேன். தாளிச்ச கூலர இன்னிக்கித்தான் பாக்கறேன்."

தார்ப்பாயை விலக்கிக்கொண்டு தம்பி இறங்கினான். தலையிலிருந்து கால்வரை ஈரம், கையில் காலித் தூக்கு. பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள்.

"முள்ளு செவப்பத் தொட்டுதாமா?" என்று மாமா என்னைக் கேட்டார்.

"தொடல மாமா."

"அப்போ பந்தயத்துல அவன்தான் ஜெயிச்சான்" என்று சொல்லிவிட்டு, அவர் தம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவன் பந்தயத்தைப் பிடித்துக்கொள்வான் என்றுதான் நினைத்தேன். தூக்கை மூடினான். "இல்ல மாமா. முன்னாடிதான் மாட்டணும். மொத நாளே தெரிஞ்சிபூட்ச்சி. உங்க ஷெட்ல வாய வுட்டுட்டேன், மாத்த வெக்கமா இருந்துச்சி" என்றான். முப்பத்தோரு வருஷத்தில் அவன் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. அவன் ஜெயித்ததை அவனே கெடுத்துக்கொண்டானே என்று எனக்குப் பதறியது.

"ஓரங்கட்டுமா" என்றார் மாமா என்னிடம். வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை ஆறவிட்டு, மூன்று பேரும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தோம். மகள் ஓடிவந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

"ஸ்பேனர் எடு" என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டு, மாமா வண்டிக்கடியில் படுத்தார். கூலரைக் கழற்றினார். உதவி செய்யக் குனிந்த தம்பியை, "நீ தள்ளு" என்றார். முன்பக்கம் வந்து, கிரில்லுக்குப் பின்னால் கூலரைப் பொருத்தி, முதல் போல்ட்டை முடுக்கியபடியே தலையைத் திருப்பாமல் பேசினார்.

"தை மாசத்துல ஒரு நல்ல நாள் பாருமா. பொண்ணக் குடுக்கறேன். ஆனா நான் சொல்ற வரைக்கும் ரோட்டுல ஓடுற எதையும் அவன் தொடக்கூடாது."

நான் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அந்தப் பெண் மோர்த் தூக்கை வாங்கிக்கொண்டு சிரித்தாள். தம்பி மட்டும் கவலையோடு, "போட்டு எஞ்சினத் தொடலாம்ல மாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.