படகுத்துறையில் ஒரு வெள்ளைத் தொப்பி

பெருமுக்கல் கிணற்றில் நீச்சல் பழகிய எனக்கு, எல்லாத் தண்ணீரும் ஒன்றுதான் என்ற திமிர் உண்டு. மரக்காணத்துக்கு வேலை மாற்றி வந்த பின் முழங்கால் வலி படுத்தி எடுத்தது. "தினமும் நீந்துனா நடப்பீங்க, இல்லன்னா குச்சிதான்" என்றார் டாக்டர். உப்பளத்தைத் தாண்டினால் முகத்துவாரம், அதன் உள்பக்கம் படகுத்துறை. அலையடிக்காமல் நீந்த வேறு இடம் கிடையாது.

துறையை ஒட்டிய மீனவக் குப்பத்தார் தடுக்கவில்லை. நங்கூரக் கயிறு பக்கம் போகக் கூடாது. தண்ணீர் வற்றும் நேரம் இறங்கினால் கடலுக்கு இழுத்துவிடும். என்ஜின் சத்தம் கேட்டால் படகு வரும் வழியை விட்டு ஒதுங்க வேண்டும் என்றார்கள். அலைமேல் ஏறி வரும் படகை நடுவில் நிறுத்தினால் கவிழ்ந்துவிடுமாம். நாம்தான் விலக வேண்டும்.

மூன்றையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். நானாக நாலாவது விதி ஒன்று சேர்த்தேன் பாருங்கள், அதுதான் வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதை. படகுக்காரர்கள் கண்ணில் பட வேண்டும் என்று வெள்ளையில் நீச்சல் தொப்பி வாங்கினேன்.

ஒருநாள் காலையில் ஓரமாக நீந்திக்கொண்டிருந்தேன். உள்ளே வந்துவிட்ட படகு ஒன்று மெதுவாக என் பக்கம் திரும்பியது. நான் விலகினால் அதுவும் விலகி என்னையே துரத்தியது. முன்னால் ஒருவர் கொக்கிக் கழியோடு குனிந்து நின்றார். கையைத் தூக்கிக் கத்தினேன். என்ஜின் நின்றபோது கொக்கி என் காதுக்கு ஒரு முழத்தில் இருந்தது.

"ஏம்மா, தலையா அது? போன வாரம் அறுந்துபோன என் வலையோட மிதவைன்னு நெனச்சிட்டேன்" என்றார் கழியோடு நின்றவர்.

பயம் இறங்கியதும் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் கரையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். இனி இறங்காதே என்று சொல்லப்போகிறார்கள், என் முழங்காலுக்கு இன்றோடு சரி என்று நினைத்தேன்.

கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்த அந்தப் படகுக்காரரின் மனைவி நிமிர்ந்தார். "நீங்க தண்ணியில இருக்கறது கரையில யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாது என்றேன்.

"அதாங்க தப்பு. எங்க ஆளுங்க போனா எத்தினி பேருன்னு எண்ணி வெச்சிப்போம். நாளையிலேர்ந்து சொல்லிட்டு எறங்குங்க."

மறுநாள் சொல்லிவிட்டு இறங்கினேன், தலையில் சிவப்புத் துணி. படகுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கடைசிப் படகையும் கட்டிய பிறகு, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கரையில் யாரோ கேட்டது நீந்திக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது.

"இல்ல, இன்னும் ஒரு ஆளு வரணும்" என்றார் அந்த அம்மா.