வால்விசிறியில் சுற்றிய மாலை

பேத்தி பெரியபிள்ளையானதற்கான சாமத்தியச் சடங்குக்கு ஹெலிகொப்டர் வரவேண்டும் என்று மருமகன் ஒற்றைக்காலில் நின்றார். இலண்டனில், ஹரோப் பக்கம் எல்லாரும் குதிரை வண்டியில் பிள்ளையை இறக்கிவிட்டார்களாம். இவருக்கு ஆகாயம் வேண்டும். அருவருப்பாக இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜேர்மனியில் கார் கழுவித் தொடங்கி, இன்று தோர்ண்டன் ஹீத்திலும் குரோய்டனிலும் கராஜ் வைத்திருக்கிறேன். சத்தத்தை வைத்தே எஞ்சினின் நோயைச் சொல்லுவேன். அப்படிப்பட்ட என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

மண்டபத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் நின்றது அது. கண்ணாடிக் குமிழ் முகம், கம்பிக்கூட்டு வால், கிட்டத்தட்ட என் வயது. மருமகனின் நண்பருக்காக, ஓர் உதவியாகக் கொண்டுவந்திருந்தார் அதன் சொந்தக்காரரான வெள்ளைக்காரக் கிழவர். முதலில் இராணுவத்தில் விமானிகளைப் பழக்கியதாம், பிறகு பண்ணைகளுக்கு மருந்து தெளித்ததாம்.

"கூடுதான் பழசு. விசிறிக்கும் தண்டுக்கும் ஆயுள் குறித்திருக்கிறது. அது முடிந்தால், புதுசு போல் மினுங்கினாலும் கழற்றி எறிவேன்" என்றார். எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. பிரேக் விஷயத்தில் நானும் அப்படித்தான்.

அவர் தேநீர் குடிக்கப் போனதும் எங்கள் சனம் வேலையைக் காட்டியது. காலடியில் எலுமிச்சம்பழம், வாலில் பூமாலை. மருமகனின் தமக்கை வால்விசிறிக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தா.

"பிள்ளை, இது என்ன கோயில் தேரே?" என்று கத்தினேன்.

"கண்ணூறு படக்கூடாதெல்லே, மாமா!"

கிழவர் ஓடிவந்தார். மாலை நூல் வால்விசிறியின் தண்டில் சுற்றிக் கிடந்தது. எல்லாவற்றையும் கழுவிச் சோதிக்காமல் இன்று மேலே எழும்பமாட்டேன் என்றார்.

மருமகன் என் காதுக்குள் வந்தார். "அஞ்சு நிமிசம்தானே, மாமா. சனம் பாத்துக்கொண்டு நிக்குது. நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ."

"உள்ள இருக்கப்போறது உம்மட பிள்ளை, தம்பி! மேல போய் அந்த நூல் இறுகினால் வால்விசிறி நிக்கும். பிறகு முழுக்கப் பம்பரம்தான்."

பேத்தியின் கையைப் பிடித்து மண்டபத்துக்கு நடத்திக்கொண்டு போனேன்.

உள்ளே பெரிய திரையில் அவள் வானத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். வீடியோக்காரன் வேறெதுவோ பறந்த படத்தை அவளோடு ஒட்டியிருந்தான். சனம் கை தட்டியது.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த உறவுக்காரன் ஒருவன் குனிந்தான். "அண்ணை, அந்த வெள்ளையின்ர நம்பரைத் தாங்கோவன். எங்கட மகளுக்கும் செய்யோணும்."

"மாலை கட்டுவியோ?"

"பின்ன? மாலை இல்லாமல் என்ன சடங்கு?"

நம்பர் என்னிடம் இருந்தது. இல்லை என்றேன்.