பியோ தல்சுவின் சாய்கோடு

தென்கொரியாவின் தேகு நகரத்துச் சந்தையில் பியோ தல்சு முப்பது வருடமாக மின்விசிறிக்கும் ரைஸ் குக்கருக்கும் உயிர் கொடுத்து வந்தார். கடை நெற்றியில் அவரே தகரத்தில் வெட்டி முடுக்கிய ஓர் ஏ, ஒரு சாய்கோடு, ஓர் எஸ். ஆஃப்டர் சர்வீஸ் என்பதன் சுருக்கம். பழுதுபார்ப்பதற்கு அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைகூட அந்தப் பெயரைத்தான் சொல்லும்.

அறுபத்திரண்டு வயதில் அவருக்கு ஆங்கில ஆசை வந்தது. ஏற்கெனவே மௌத் ஆர்கன், யோகா, தூரிகை எழுத்து என்று எல்லாவற்றையும் பாதியில் விட்ட புண்ணியவான். மனைவி இன்ஜா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இதுலயாவது சர்ட்டிபிகேட்டோட வந்து சேருங்க. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை தவறாம எங்க அண்ணன் கும்பலோட மலை ஏறணும், ஆமா!"

மைத்துனர் மலை உச்சிவரை தன் முழங்கால் ஆபரேஷன் கதையைச் சொல்லிக்கொண்டே வருகிற பேர்வழி. நினைத்தாலே தல்சுவுக்கு மூச்சு வாங்கியது.

வட்டார அலுவலக மாடியில் வகுப்பு. டீச்சர் ஹரிமுக்கு அவர் மகள் வயது. சுருக்கங்களும் நிறுத்தக்குறிகளும் பாடம். தல்சு கேள்வி கேட்டே அவள் உயிரை வாங்கினார்.

"மிஸ்டருக்குப் பின்னாடி எதுக்கு டீச்சர் முற்றுப்புள்ளி? ஆளு உயிரோடதானே இருக்கான்?"

வியப்புக்குறி மட்டும் அவருக்கு ரொம்பப் பிடித்துப் போனது. எல்லா வாக்கியத்துக்கும் மூன்று மூன்றாகப் போட்டார்.

பரீட்சையில் பத்துக்கு ஏழு எடுத்தால் சர்ட்டிபிகேட். கடைசிக் கேள்வி, தினமும் பயன்படும் சுருக்கம் ஒன்று எழுதுக. தல்சு சிரித்துக்கொண்டே தன் கடைப் பலகையை எழுதினார். மொத்தம் ஆறு மதிப்பெண்தான் வந்தது.

"ஐயா, இங்கிலீஷ்ல இப்படி ஒரு சுருக்கமே கிடையாது. நாமளா கட்டிவிட்டது. வெளிநாட்டுக்காரங்ககிட்ட சொன்னா முழிப்பாங்க."

"முப்பது வருஷமா என் தலைக்கு மேல தொங்குது. கிடையாதுங்கறீங்க!"

"கிடையாதுன்னா கிடையாதுதான், ஐயா."

இன்ஜா திட்டவில்லை. புது மலையேற்றக் காலணி ஒரு ஜோடியைக் கடை வாசலில் கொண்டுவந்து வைத்தாள், அவ்வளவுதான். அதுதான் தல்சுவுக்கு அழுகையை வரவழைத்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஏணி போட்டு ஏறினார். இல்லாத சுருக்கத்துக்குப் பலகை ஒரு கேடா? முதலில் சாய்கோட்டைக் கழற்றினார். அப்போது கீழே ஒரு பெண் ஹேர் டிரையரும் கையுமாக வந்து, மேலே பார்க்காமலே கடைக்குள் குரல் கொடுத்தாள்.

"யாருங்க உள்ள? இது சூடே ஆகல. ஏ எஸ் பண்ணித் தருவீங்களா?"

குரல் தெரிந்த குரல்.

"இங்கிலீஷ்ல அப்படி ஒண்ணு கிடையாதே, டீச்சர்!"

ஹரிம் நிமிர்ந்தாள். ஏணியையும் அவரையும் அவர் கையிலிருந்த தகரச் சாய்கோட்டையும் பார்த்தாள். முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது.

"ஏழுன்னு வெச்சுக்கலாம், ஐயா," என்று முணுமுணுத்தாள்.

"உள்ள என் சம்சாரம் இருக்கா. மூணு வியப்புக்குறி போட்டுச் சொல்லுங்க."

"பத்துக்கு ஏழு!!!" என்று ஹரிம் கத்தினாள். சந்து முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"காது கேக்குது, கத்தாதீங்க," என்றது உள்ளிருந்து இன்ஜாவின் குரல். "அந்த மலையேற்ற ஷூ அண்ணனுக்குச் சரியா இருக்குமான்னு பாக்கறேன்."

தல்சு சாய்கோட்டை மறுபடி முடுக்கிவிட்டு, ஹேர் டிரையருக்காகக் கையை நீட்டினார்.