அப்பா படுக்கிறார்

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசப் போயிருந்தேன். பெற்றோர் கூட்டம். நான் சிறப்புப் பேச்சாளர். சிறப்பு என்னவென்றால்... எனக்கு முன் கேட்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் அன்று வேறு வேலை இருந்ததாம்.

மாங்குளம் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, ஓட்டோ பிடித்து, தார் றோட்டு முடிந்து, செம்மண் றோட்டும் முடிந்து, வயல் வரம்பு மாதிரி ஒன்று தொடங்கும் இடத்தில் அந்தப் பள்ளிக்கூடம் இருக்கிறது. நெல் முற்றித் தலை சாய்ந்து நின்ற காலம். இரண்டு பக்கமும் மஞ்சள். ஓட்டோ போகிறதா, அல்லது ஓட்டோ சும்மா நிற்க வயல்தான் எங்களைக் கடந்து போகிறதா என்று தெரியாத ஒரு மயக்கம். அந்த வழியில் யாராவது பேச்சுக்குக் குறிப்பு எடுப்பார்களா? நான் எடுக்கவில்லை.

கேற்றடியில் தகப்பன்மார் கூட்டமாக நின்றார்கள். கைகளில் மண்வெட்டி, கத்தி. ஒருவர் புல்லு வெட்டும் மெஷினைத் தோளில் கொழுவியிருந்தார்.

பத்திரிகையில் நான் எழுதும் பத்தியைப் படிப்பவர்கள் இந்தப் பக்கத்திலும் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதுண்டு. ஆனாலும் இவ்வளவு கோபமா?

"என்ன அண்ணை, மண்வெட்டியோட?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"சிரமதானம்தானே, சேர்?"

"கூட்டம் எண்டெல்லோ சொன்னவை?"

"கூட்டமெண்டால் மனுசிமாரைத்தான் கூப்பிடுவினம். இந்தமுறை தேப்பன்மாரும் கட்டாயம் வரோணும் எண்டு பிள்ளையளிட்டச் சொல்லி விட்டிருக்கினம். தேப்பன்மார் எண்டால் பிறகென்ன, புல்லு வெட்டத்தானே!"

இந்தத் தர்க்கத்தில் எங்கே ஓட்டை? நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பிள்ளையைப் பற்றி முறைப்பாடு என்றால் தாய்க்கு ஆள் போகும். பற்றை வளர்ந்தால், வேலி சாய்ந்தால், விளையாட்டுப் போட்டிக்கு மைதானம் துப்பரவாக்க வேண்டும் என்றால் தகப்பனுக்கு ஆள் போகும். போர் முடிந்து மீளக் குடியேறி வந்த நாட்களில் தடி வெட்டி, கொட்டில் போட்டு, இந்தப் பள்ளிக்கூடத்தை நிமிர்த்தியவர்களே இவர்கள்தான். பள்ளிக்கூடத்துக்குத் தங்களிடம் தேவை கைகள் மட்டும் என்று அவர்கள் நம்பியதில் பிழை இல்லை. வேறொன்றும் தேவை என்று யாரும் இதுவரை சொன்னதில்லையே!

அதைச் சொல்லத்தான் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் உதவிக் கல்விப் பணிப்பாளர் வந்திருந்தார். இளம் ஆள். மடிப்புக் கலையாத சேர்ட். மண்வெட்டிகளைச் சுவரோடு சாத்தச் சொல்லிவிட்டு, எல்லோரையும் மூன்றாம் வகுப்பு அறையில், அவரவர் பிள்ளையின் கதிரையிலேயே இருத்தினார். முழங்கால்கள் நாடிவரை வந்தன.

"பின்னேரத்தில பிள்ளை ஒரு கதை சத்தமா வாசிக்கோணும். வீட்டில ஒராள் பக்கத்தில இருந்து கேக்கோணும். அவ்வளவுதான். உங்களுக்கு வாசிக்கத் தெரியோணும் எண்டுகூட இல்லை. காது இருந்தால் காணும்" என்றார்.

நல்ல திட்டம். கல்வித் திட்டம் ஒன்று எனக்கு முதல் தடவையிலேயே விளங்கியது என்றால் அது நல்ல திட்டமாகத்தான் இருக்க வேண்டும்.

என் முறைக்கு முன் பணிசும் தேத்தண்ணியும் வந்தன. அப்போது அந்த வகுப்பின் வசந்தி ரீச்சர் என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டா.

"சேர், ஒரு உதவி. உங்கட பேச்சில விசேட கல்விப் பிரிவைப் பற்றி இரண்டு சொல்லு நல்லமாதிரிச் சொல்லுவீங்களோ? அது ஒரு வெக்கமான விசயமில்லை எண்டு..."

"யாருக்காகச் சொல்லோணும், ரீச்சர்?"

கண்ணால் காட்டினா. யன்னலோரம், தனக்கு அளவில்லாத கதிரையில், கறுத்து மெலிந்த ஒரு மனிதர். கண்கள் சிவந்திருந்தன. பெயர் சிவலிங்கம். பக்கத்தில் மனைவி மல்லிகா. அவர்களின் மகள் துசானி இந்த வருடம்தான் வேறு இடத்திலிருந்து இந்த வகுப்புக்கு வந்தவள்.

"எழும்பி வாசிக்கச் சொன்னால் புத்தகத்தை முகத்துக்கு நேர பிடிச்சுக்கொண்டு நிப்பா. ஒரு சத்தமும் வராது. அடிக்கிறதுமில்லை, பேசுறதுமில்லை நான். கெஞ்சியும் பாத்திட்டன். ஓமெண்டால் தலையாட்டுவா, இல்லையெண்டாலும் தலையாட்டுவா. வாசிக்கவே வருகுதில்லை எண்டுதான் நினைக்கிறன். அடுத்த தவணை ரவுண் பள்ளிக்கூடத்தில இருக்கிற பிரிவுக்கு அனுப்பச் சொல்லி இண்டைக்கு இவையளிட்டச் சொல்லோணும்."

"பிள்ளைக்கு உதவியாத்தானே இருக்கும்?"

"தேவையான பிள்ளைக்கு அது பெரிய உதவி, சேர். ஆனால் விடிய முந்தி பஸ் ஏறோணும். இஞ்ச இப்பதான் ஒரு சினேகிதி பிடிச்சு, கையைக் கோத்துக்கொண்டு திரியிறா..." ரீச்சர் முடிக்கவில்லை. "நான் பிழை விடுறனோ எண்டு பயமாக் கிடக்கு."

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் பேச எழும்பினேன். என்ன பேசலாம்? குறிப்பும் இல்லை. மத்தியானம் கடந்த வெயில். யன்னலால் நெல் வாசம். மேலே ஒரு விசிறி சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் கண்ணை மூடுங்கோ" என்றேன், நேரம் எடுப்பதற்காக. "உங்கட பிள்ளை பின்னேரம் வீட்டில எங்க இருந்து படிக்குது எண்டு மனசுக்குள்ள பாருங்கோ..."

மூடினார்கள். பணிவான மக்கள்.

நான் தாழ்ந்த குரலில் தொடர்ந்தேன். பாய், சுவர், சாய்ந்து விழும் வெளிச்சம், திறந்த புத்தகம்... எனக்கே என் குரல் பிடித்திருந்தது. முன்மாதிரி காட்ட நானும் கதிரையில் அமர்ந்து கண்ணை மூடினேன். பிறகு மேசைகள் ஒவ்வொன்றாக வாசலால் இறங்கி வயலுக்குள் போயின. நெற்கதிர்களின் மேல் மெல்ல மிதந்தன. ஒவ்வொரு மேசையிலும் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு தகப்பன். உதவிக் கல்விப் பணிப்பாளர் வெள்ளைக் கொக்காக வரம்பில் ஒற்றைக் காலில் நின்று தலையை ஆட்டினார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது...

சிரிப்புச் சத்தத்தில் கண் விழித்தேன்.

வாசலில் பிள்ளைகள். அடுத்த நிகழ்ச்சிக்காக, கையில் கதைப் புத்தகங்களுடன் வசந்தி ரீச்சரோடு வந்து நிற்கிறார்கள். உள்ளே வகுப்பறை முழுவதும் நித்திரை! அறுவடை நேரத்துக் களைப்பு, பணிஸ், என் பேச்சு – மூன்றில் எது அதிகம் வேலை செய்தது என்று நான் ஆராயப் போவதில்லை. மேசையில் கன்னம் வைத்து ஒருவர். அண்ணாந்து வாய் திறந்து இன்னொருவர். உதவிக் கல்விப் பணிப்பாளர் மட்டும் விழித்திருந்தார். கண்ணை அகலத் திறந்து, தான் விழித்தே இருந்ததாக நிரூபிக்கும் விதமாக.

பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

"அப்பா, எழும்புங்கோ! வகுப்பில படுக்கிறீங்கள்!"

"அம்மா, வாய் வடியுது!"

பிடித்து உலுப்பினார்கள். மல்லிகாவும் திடுக்கிட்டு எழும்பி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டா. ஒரு பிள்ளை மட்டும் தன் தகப்பனைத் தொடவில்லை. இரட்டைப் பின்னல், சின்ன உருவம். பக்கத்துப் பெடியன் சிரித்தபோது உதட்டில் விரலை வைத்து அவனை அடக்கினாள். சத்தம் வராமல் நிலத்தில் இருந்தாள். கதிரைக் காலில் சாய்ந்து, புத்தகத்தை மடியில் விரித்தாள்.

துசானி.

விரல் வரி வரியாகப் போனது. உதடுகள் அசைந்தன. சத்தம் மட்டும் இல்லை. ஓரிடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். பக்கத்தைத் திருப்பினாள். திரும்பவும் உதடுகள்.

வசந்தி ரீச்சர் அவளுக்குப் பின்னால் போய்க் குனிந்தா. குனிந்தவ அப்படியே நின்றா. புத்தகத்தையும் அந்த உதடுகளையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு மெல்லக் கீழே இருந்து, காதை அவளின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனா.

"துசி... நீர் வாசிக்கிறீர், என்ன?"

தலையாட்டல்.

"கொஞ்சம் சத்தமா வாசியுங்கோவன்."

பிள்ளை கையை நீட்டித் தகப்பனைக் காட்டினாள். காற்றைப் போல ஒரு குரல் வந்தது.

"அப்பா படுக்கிறார்."

மல்லிகா தலையில் கை வைத்தா. "ஐயோ ரீச்சர், அது நான்தான் சொல்லி வச்சது. இந்த மனுசன் விடியுமட்டும் வயலில யானைக்காவல். பகலிலதான் கண்ணை மூடுறவர். நித்திரை இல்லாமல் போய் யானைக்கு முன்னால நிண்டால் என்ன ஆகும், சொல்லுங்கோ? 'சத்தம் போடாத, அப்பா படுக்கிறார்'... நடக்கத் தொடங்கின நாளில இருந்து இவள் கேக்கிறது இதைத்தான். ஒற்றை அறை வீடு, ரீச்சர்."

"வகுப்பில அப்பா இல்லைத்தானே, துசி? அங்க ஏன் வாசிக்கிறேல்ல?"

பிள்ளை ரீச்சரை வியப்பாகப் பார்த்தாள். "வாசிச்சனான்தானே, ரீச்சர்? உங்களுக்குக் கேக்கேல்லயோ?"

வசந்தி ரீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் விசிறியைப் பார்த்தேன். சில நேரம் விசிறி பார்ப்பதற்கு நல்ல பொருள்.

இதற்குள் சிவலிங்கம் எழும்பிவிட்டார். தன்னைச் சுற்றி இத்தனை பேர் நிற்பதைக் கண்டதும் யானை வந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும் – கை மேசையில் டோர்ச்சைத் தேடியது. ரீச்சர் நடந்ததைச் சொன்னா. அனுப்ப நினைத்திருந்த பிரிவைப் பற்றியும், இனி அந்தக் கதை தேவையில்லை என்றும் சொன்னா. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் சுருங்கியது.

"என்ர நித்திரையாலயோ, ரீச்சர்?"

வீட்டில் படிப்புக்கு எதிரி ரீவி என்போம், ஃபோன் என்போம். ஒரு வீட்டில் அது அப்பாவின் மேல் உள்ள அன்பாகவும் இருக்கலாம் என்று எந்தச் சுற்றறிக்கையில் எழுதுவது?

சிவலிங்கம் மகளைப் பார்த்தார். "இனி நான் படுக்கேக்க பக்கத்தில இருந்து வாசி. சத்தமா வாசி."

"உங்களுக்கு நித்திரை வராதப்பா" என்றா மல்லிகா.

"யானை கலைக்கிற வெடிக்குப் பக்கத்தில நிக்கிறவனுக்கு இவளின்ர சத்தம் ஒரு சத்தமே? இந்தா... இப்ப வாசி, பாப்பம்!"

சொல்லிவிட்டு மேசையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். மற்றப் பிள்ளைகளும் சிரிப்பை விட்டுவிட்டுக் கிட்ட வந்தார்கள். துசானி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையாட்டினா. ரீச்சரைப் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமினாள் – பழக்கமில்லாத கதவைத் தள்ளுவது போல.

"நரி... குடை விற்கப் போனது."

தகப்பன் கண் திறக்கவில்லை. குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"ஊரெல்லாம் மழை. நரி குடையை விரித்தது. மழை நின்றுவிட்டது!"

வெளியே காற்று வந்து நெல்லைத் தடவிக்கொண்டு போனது. நான் கேட்ட பேச்சுகளிலேயே மிகச் சிறந்தது அதுதான். நான் பேசியவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

குடும்பங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைப்பது எப்படி என்று வலயங்கள் யோசிக்கட்டும். நல்லதுதான். ஆனால் கொஞ்சம் தூங்கவும் இடம் விட்டால், பள்ளிக்கூடத்துக்கும் அந்தக் குடும்பங்களைப் பற்றி ஏதாவது தெரியவரும்.

நேற்று மாங்குளம் சந்தியில் சிவலிங்கத்தைக் கண்டேன். தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்தார். கண்கள் இன்னும் சிவப்புத்தான்.

"பிள்ளை வாசிக்கிறாவோ, அண்ணை?"

"ஓம் சேர், ஒவ்வொரு நாளும். எனக்குத்தான் ஒரு கதைக்கும் முடிவு தெரியாது. பாதியில நித்திரையாப் போடுவன்."

"எழும்பின பிறகு கேக்கிறதுதானே?"

"கேட்டனான். 'பாடம் நடக்கேக்க படுக்கிற ஆக்களுக்குத் திருப்பிச் சொல்லமாட்டன்' எண்டு சொல்லிப் போட்டா."

தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். அந்தச் சிவந்த கண்களில் ஒரு சிரிப்பு வந்தது.

"அவ அதைச் சொன்ன சத்தம் அடுத்த வளவு வீட்டுக்கும் கேட்டிருக்கும், சேர்."