என் வெள்ளை விரல்களை அம்மன் மறைக்கவில்லை

அம்மனை நம்புகிறவர்களே, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள் நான். பதினோரு வருடமாக மணப்பெண் அலங்காரம்தான் என் பிழைப்பு. போன வருடம் தை மாதம் என் விரல் நுனிகளில் வெள்ளை விழுந்தது. வெண்புள்ளி, தொற்றாது என்றார் டொக்டர். அதை ஊருக்கு யார் சொல்வது? பெண்ணுக்குப் பூசும் கிரீமையே என் விரல்களுக்கும் பூசி மறைத்தேன்.

நானுஓயாவில் ஒரு கல்யாண வீடு. ஒரு கண்ணுக்கு மை தீட்டிவிட்டு ஈரத்துணியில் கை துடைத்தேன். பூச்சு போய்விட்டது. பெண்ணின் அத்தை பார்த்துவிட்டார்.

“ஐயோ, இந்தக் கையாலயா புள்ளைய தொட்டீங்க? எந்திரிங்க, போங்க!”

பாதி அலங்காரத்தோடு அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். நான் பெட்டியை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். கறுப்புப் பிள்ளையை வெள்ளையாக்கத்தான் இந்த மலையில் என்னைக் கூப்பிடுவார்கள். என் விரலில் வெள்ளை வந்ததும் விரட்டினார்கள். அழுகையைவிட எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

செய்தி பரவியது. நான்கு மாதம் ஒரு அழைப்பும் இல்லை. வெளியே தலைகாட்டவே பயந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை தோட்டத்து மாரியம்மன் முன்னால் நின்று சண்டையே போட்டேன்.

“தாயே, ஒண்ணு இந்த வெள்ளைய எடு. இல்லேன்னா என் பயத்த எடு. ரெண்டுல ஒண்ணு செய்யாம விடமாட்டேன்.”

மூன்றாம் நாள் கொத்மலையிலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள்.

“அக்கா, நானுஓயாவுல ஒங்கள வெரட்டுனாங்களாம். அதக் கேட்டுத்தான் தேடிப் புடிச்சேன். எனக்கும் கன்னத்துல இருக்கு. மாப்பிள்ளைக்குத் தெரியும். மறைக்காம சோடிச்சு விடுவீங்களா?”

விரல்களுக்கு எதுவும் பூசாமல் போனேன். அங்கே அவளுடைய பெரியம்மா கையுறையை நீட்டினார். நான் கையைப் பின்னால் ஒளிக்கவில்லை. அம்மன் எதை எடுத்தாள் என்று அப்போதுதான் புரிந்தது.

“வேணாங்க. இது ஒட்டாது. ஒட்டும்னா ஒரே வீட்டுல இருக்குற எங்கம்மாவுக்குத்தானே மொதல்ல ஒட்டியிருக்கும்?”

மணப்பெண் சிரித்துவிட்டாள். அவள் நெற்றிப் பொட்டை வெறும் விரலால்தான் வைத்தேன்.

இப்போது வெள்ளை மணிக்கட்டுவரை ஏறிவிட்டது. ஏறட்டும். அழைப்புகள் முன்பைவிடக் குறைவுதான், ஆனால் தெரிந்தே கூப்பிடுகிறார்கள். பெண்ணின் நிறத்தை மாற்றச் சொன்னால் முடியாது என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறேன். தாயே, உனக்குக் கோடி நன்றி.

நீங்களும் அவளிடம் போங்கள். கெஞ்ச வேண்டாம், பெற்றவளிடம் கேட்பது போல் உரிமையோடு கேளுங்கள். கேட்டதை விட்டு வேறொன்றைத் தந்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். நான் இந்தக் கைகளால்தான் வாங்கினேன்.