சிவப்பு நூல் ஓடிய மாதங்கள்

வெள்ளை நூல் ஏற்றிய மூன்றாம் நாள்தான் எனக்கு உயிரே போனது.

அதுவரை எங்கள் தறிப்பட்டறையில் ஆறு மாதமாகச் சிவப்புத் துண்டுதான் ஓடியது. பட்டறை சங்ககிரிக்குப் பக்கத்தில். எனக்கு நான்கு தறி, எதிர் வரிசையில் என் வீட்டுக்காரருக்கு நான்கு தறி. தறியில் குறுக்கே ஓடும் நாடாவில் நூல் தீர்ந்ததும், நூல் சுற்றிய புதுத் தாரை அதற்குள் போட்டு, நூல் நுனியை நாடாவின் பொடி ஓட்டை வழியாக வெளியே எடுக்க வேண்டும். அதற்கென்று கம்பிக் கொக்கி உண்டு. அதை யார் தேடிக்கொண்டிருப்பது? ஓட்டையில் உதட்டை வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சினால் நூல் நாக்கில் வந்து விழும். மிச்சத்தைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுத் தறியை ஓட்டிவிடலாம். என் முன்பல் ஒன்றில் நூல் அறுத்தே ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது.

சிவப்பு நூல் ஓடினால் எச்சில் சிவப்பாக வரும். நீலம் ஓடினால் நீலமாக வரும். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் அதைப் பார்த்து அலறுவார்கள். "சாயந்தான் சாமி, உசுரு ஒண்ணும் போயராது" என்று நாங்கள் சிரிப்போம். வீட்டில் பல் விளக்குவதும் சிவப்புப் பல்பொடியில்தான், காலையில் ஒரு தடவை, விரலால் இரண்டு இழுப்பு. ஆக, என் வாயிலிருந்து என்ன வருகிறது என்று நான் ஆறு மாதமாகப் பார்க்கவே இல்லை.

என் தறிகளில் மட்டும் வெள்ளைத் துண்டு மாற்றிய முதல் நாளும் சிவப்பாகவே துப்பினேன். பழைய சாயம் போகவில்லை என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் அதையேதான் நினைத்தேன். மூன்றாம் நாள் குழாயடியில் துப்பிவிட்டு நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. வெள்ளை நூலில் ஏது சாயம்?

அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. என் கூடப் பிறந்த அண்ணன். அவன் ஓட்டிய தறிகளைத்தான் நான் இப்போது ஓட்டுகிறேன். எந்நேரமும் கன்னத்தில் புகையிலையை அடக்கி வைத்திருப்பான். அவனும் சிவப்பாகத் துப்பிவிட்டு, "சாயம்" என்றான். கன்னத்தில் புண் என்று தெரிந்தபோது வாய் பாதிகூடத் திறக்கவில்லை. கடைசி மாதம் கஞ்சியைக் குழாய் வழியாகத்தான் ஊற்றினோம். அந்த நோயின் பெயரை எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாரும் சொல்வதில்லை.

நான் புகையிலையைத் தொட்டதே கிடையாது. ஆனால் அவன் உறிஞ்சிய நாடாக்களை அவனுக்குப் பின்னால் நான்கு வருடம் நான் உறிஞ்சியிருக்கிறேனே! அது வழியாக வந்திருந்தால்? ஐயோ, என் பெண் இன்னும் பன்னிரண்டாவதுகூட முடிக்கவில்லை.

நான்கு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. செல்போன் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று வாயைப் பிளந்து பிளந்து பார்த்தேன். கீழ்ப்பல் ஒன்று ஆடியது. தொட்டால் ரத்தம். "ஏம் புள்ள, சோறு எறங்கலையா?" என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, "ஆமா, உங்க மொகத்தப் பாத்தா எப்படி எறங்கும்?" என்று எரிந்து விழுந்தேன். பயம் வந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும்.

ஐந்தாம் நாள், தங்கச்சி ஊட்டுக்குப் போயிட்டு வாரேன் என்று பொய் சொல்லிவிட்டுத் திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினேன். பல் டாக்டர் சின்னப் பெண்.

"எத்தன நாளாக்கா ரத்தம் வருது?"

"வெள்ள நூல் போட்டதுல இருந்துங்க."

அந்தப் பெண் விழித்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கையில் இருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டது.

"அப்ப அதுக்கு முந்தி வந்துச்சா இல்லையான்னு உங்களுக்கே தெரியாதா?"

"தெரியாதுங்க."

கன்னம், நாக்கு, அண்ணம் என்று ஒரு மூலை விடாமல் பார்த்தது. மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் வைக்கச் சொன்னது. வைத்தேன், நுழைந்தது. நுழையாவிட்டால்தான் வாய் இறுகுகிறது என்று அர்த்தமாம். "பயப்படாதீங்க. புண்ணு எதுவும் இல்ல. ஈறுதான் கெட்டிருக்கு, பல்லுல காரை புடிச்சுக் கெடக்கு" என்றது. அண்ணன் நாடாவைப் பற்றிக் கேட்டேன். "அது நாடாவுல ஒட்டிக்கிட்டு வர்ற நோவு இல்லக்கா." அந்த நாற்காலியிலேயே விம்மி விம்மி அழுதேன்.

அழுது முடித்ததும் திட்டு விழுந்தது. பொடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, மெத்தென்ற பிரஷ்ஷால் காலையிலும் படுக்கும் முன்பும் விளக்க வேண்டும். நூலைப் பல்லால் கடிக்கவே கூடாது. வேலை முடிந்ததும் நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். "மூணாவது வாய்த் தண்ணியும் செவப்பா வந்தா அது சாயம் இல்லக்கா" என்றது.

மறுநாள் கம்பிக் கொக்கியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். "டாக்டரம்மா வந்துட்டாங்க" என்று கேலி பண்ணினார்கள். பண்ணட்டும். உயிர் திரும்பி வந்த தெம்பில் இருந்தேன். டீ நேரத்தில் ஒவ்வொருவரையும் குழாயடிக்கு இழுத்துக் கொப்பளிக்க வைத்தேன். எல்லோருக்கும் மூன்றாவது வாய் தெளிந்தது.

வீட்டுக்காரர் மட்டும் நழுவினார். அவர் தறிகளில் இன்னும் சிவப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. "அட போ புள்ள, எனக்கு இரும்புப் பல்லு" என்றார். சட்டையைப் பிடித்து இழுத்து வந்தேன். முதல் வாய் சிவப்பு, எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவதும் சிவப்பு. மூன்றாவதும் சிவப்பு. நான்காவது டம்ளரை நீட்டியபோது யாரும் சிரிக்கவில்லை.

"சாயந்தான் புள்ள" என்றார். அண்ணன் சொன்ன அதே சொல்.

அண்ணனை எரித்துவிட்டு வந்த அன்று, புகையிலையைத் தொடமாட்டேன் என்று இவர் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். நான் நம்பியிருந்தேன். அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டேன், புகையிலைப் பொட்டலம் தட்டுப்பட்டது.

"வாயத் தொறங்க."

இரண்டு விரல் போனது. மூன்றாவது விரல் பல்லில் இடித்துக்கொண்டு வெளியே நின்றது.

"இந்தப் பாவு நூல் ஓடி முடியட்டும், டாக்டருகிட்டப் போலாம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் எதிர் வரிசைக்குப் போய் அவருடைய தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினேன்.